இதுவும் வலிப்பா? காரைக்கால் வீடுகளுக்குச் சில பயனுள்ள குறிப்புகள்

வலிப்பு என்றதும் நம் கண்முன் வருவது ஒரே காட்சிதான். ஆள் தடாலென்று விழுவார், கை கால் வெட்டி இழுக்கும், வாயில் நுரை தள்ளும், பக்கத்து வீட்டுக்காரர் சாவிக்கொத்தோடு ஓடி வருவார். அப்படி வருவது ஒரு வகை. சத்தமே இல்லாமல், விழாமல், நுரை இல்லாமல் வருகிற வகைகளும் உண்டு. அவற்றைத்தான் நாம் அசதி, கவனக்குறைவு, காத்து கறுப்பு, பயந்த கோளாறு என்று பெயர் வைத்து வருஷக்கணக்கில் விட்டுவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உலகம் முழுக்க சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. சரியாகக் கண்டுபிடித்துச் சரியான மருந்து கொடுத்தால் அவர்களில் 100க்கு 70 பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது.

எந்த மருந்து என்பதை முடிவு செய்வது வலிப்பின் வகை. அந்த வகையை நேரில் பார்ப்பது பெரும்பாலும் டாக்டர் அல்ல, வீட்டில் இருப்பவர்கள்தான். வலிப்பு வந்து போன பிறகு எடுக்கிற ஸ்கேனும் இ.இ.ஜி.யும் சுத்தமாகவே இருக்கலாம். அதனால் இந்தக் குறிப்புகளில் பாதி, எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் பற்றியவை.

1. முதலில் பழைய விஷயம். இரும்பு, சாவி, செருப்பு, வெங்காயம் எதுவும் வலிப்பை நிறுத்தாது. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக அடங்கும். அடங்குகிற நேரத்தில் கையில் சாவி இருந்தால் சாவிக்குப் பெயர், அவ்வளவுதான். ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கு அடியில் துண்டு, புடவை, ஏதாவது மெத்தென்று வையுங்கள். கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள், கண்ணாடியைக் கழற்றுங்கள். கை காலை அழுத்திப் பிடிக்கக் கூடாது. பல்லுக்கு நடுவில் கரண்டியோ விரலோ விடக் கூடாது. பல் உடையும், உங்கள் விரலும் போகும். முழு நினைவு வரும்வரை தண்ணீர், சோடா, காப்பி எதுவும் வாயில் ஊற்றாதீர்கள்.

2. கடிகாரத்தைப் பாருங்கள். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு ஒரு நிமிடம் பத்து நிமிடம் போலத் தோன்றும். இழுப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் 108. நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தாலும், தண்ணீரில் வந்தாலும், தலையில் அடிபட்டாலும், கர்ப்பிணிக்கு வந்தாலும், வாழ்க்கையில் முதன்முறையாக வந்தாலும் 5 நிமிடம் காத்திருக்கவே வேண்டாம். சிலருக்கு மூக்கில் அடிக்கிற மிடாசோலம் ஸ்பிரே எழுதிக் கொடுப்பார்கள். எப்போது, எத்தனை முறை அடிப்பது என்று டாக்டரிடம் கேட்டு, டப்பா மேலேயே பேனாவால் தமிழில் எழுதி ஒட்டி வையுங்கள். அவசரத்தில் உள்ளே இருக்கும் பொடி எழுத்துச் சீட்டை யாரும் படிக்க மாட்டார்கள்.

3. வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் ஆளைக் கவனிக்கட்டும், ஒருவர் போனில் வீடியோ எடுக்கட்டும். "இந்த நேரத்தில் போய் வீடியோவா?" என்று கேட்கிற மாமாவுக்கு அப்புறம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். முகம், இரண்டு கண், இரண்டு கை, மூன்றும் தெரிய வேண்டும். கண் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? தலை எந்தப் பக்கம் திரும்புகிறது? இழுப்பு எந்தக் கையில் தொடங்கியது? பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "மாம்பழம்" என்று ஒரு வார்த்தையைச் சொல்லி வையுங்கள். தெளிந்த பிறகு, நான் என்ன சொன்னேன் என்று கேளுங்கள். ஞாபகம் இருந்தால் ஒரு வகை, இல்லாவிட்டால் வேறு வகை. நரம்பியல் வார்டில் செய்கிற சோதனைதான் இது. வீட்டுக் கூடத்திலும் செய்யலாம். எடுத்த வீடியோவை டாக்டரிடம் மட்டும் காட்டுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.

4. பழைய சீட்டில் சி.பி.எஸ். என்றும் புதுச் சீட்டில் ஃபோக்கல் என்றும் எழுதியிருக்கிறதே, நோய் மாறிவிட்டதா என்று பயப்படாதீர்கள். சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கூட்டமைப்பு 2017இல் பெயர்களை மாற்றி அமைத்தது. நோய் அதேதான்.

5. காலைக் காப்பி நேரத்தைக் கவனியுங்கள். கோட்டுச்சேரிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பெண். விடிந்து எழுந்ததும் டம்ளரைப் பிடித்தால் கை வெடுக்கென்று உதறும், காப்பி சுவரில் தெறிக்கும். பல் தேய்க்கும்போது பிரஷ் பறக்கும். தலை பின்னும்போது சீப்பு விழும். "ராத்திரி முழுக்க போனை நோண்டுனா கை நடுங்காம என்ன செய்யும்?" என்பார் அம்மா. "பாவம் அத்தாச்சி, ரத்தம் இல்ல புள்ளைக்கி, முருங்கைக்கீரை குடு" என்பார் எதிர்வீட்டுக்காரர். பரீட்சைக்கு முந்தின இரவு தூங்காமல் படித்து, மறுநாள் காலையில் முழு வலிப்பு வந்து விழுந்த பிறகுதான், அந்த உதறல் ஒவ்வொன்றுமே வலிப்பு என்று தெரிந்தது.

இதற்கு மயோகுளோனிக் வலிப்பு என்று பெயர். பெரும்பாலும் பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வயதுக்குள் தலைகாட்டும். நினைவு தப்பாது; அதனால்தான் யாரும் பொருட்படுத்துவதில்லை. தூக்கம் கெடுவதும் மதுவும் இதைக் கிளப்பிவிடும். இன்னொரு விஷயம் இங்கே முக்கியம்: வழக்கமாக எழுதப்படும் கார்பமாசெபைன், ஃபெனிடாயின் போன்ற மாத்திரைகள் இந்த வகையை மோசமாக்கக் கூடும். பெரிய வலிப்பை மட்டும் சொல்லிவிட்டு உதறலைச் சொல்லாமல் வந்தால், தவறான மாத்திரையோடு வீட்டுக்கு வர வாய்ப்புண்டு. டாக்டர் கேட்காவிட்டாலும், "காலையில கை உதறுது, சாமான் நழுவி விழுது" என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

6. வகுப்பில் பிள்ளை பத்துப் பதினைந்து விநாடி அப்படியே நிலைகுத்திப் பார்த்து, இமை படபடத்து, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் அது பகல்கனவாக இல்லாமலும் இருக்கலாம். தோளைத் தொட்டால் பகல்கனவு கலையும், இது கலையாது. ஒரு நாளில் பல தடவை வரும். டிக்டேஷன் நோட்டைப் பாருங்கள்: வரிக்கு நடுவில் இரண்டு மூன்று வார்த்தை இல்லாமல் இருக்கும். அந்த நோட்டையே டாக்டரிடம் எடுத்துப் போகலாம். டீச்சரிடம் பேசும்போது கெஞ்ச வேண்டியதில்லை, விளக்கிச் சொன்னால் போதும்.

7. திடீரென்று அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலேறி வருகிறது, காரணமில்லாத பயம், ஏதோ கருகுகிற வாடை, இதே இடத்தில் இதே பேச்சை முன்பே கேட்டது போல ஒரு மயக்கம். பிறகு வாயைச் சப்புக் கொட்டுவார்கள், புடவை முந்தானையை அல்லது வேட்டி நுனியைத் திரும்பத் திரும்பக் கசக்குவார்கள், கூப்பிட்டால் பதில் இருக்காது. ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளிந்து, என்ன நடந்தது என்றே தெரியாமல் விழிப்பார்கள். இதுதான் மூளையின் ஒரு பகுதியில் மட்டும் தொடங்குகிற வலிப்பு. பெரியவர்களுக்கு வருவதில் மிக அதிகம் இந்த வகைதான். நம் ஊரில் மந்திரிப்பும் கயிறும் தேடிப் போவது பெரும்பாலும் இதற்குத்தான். கயிறு கட்டுவதை நான் தடுக்க மாட்டேன், கட்டிக்கொண்டே நரம்பியல் டாக்டரையும் பாருங்கள்.

இந்த நேரத்தில் அவர் எழுந்து நடக்கவும் செய்வார். பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தால் முரண்டுவார், கை ஓங்கவும் கூடும். அவர் உங்களை அடிக்கவில்லை, அவருக்கு உங்களைத் தெரியவே தெரியாது. அடுப்பு, படிக்கட்டு, ரோடு மூன்றையும் மறித்து நின்று, மெதுவாகப் பேசிக்கொண்டே கூட நடங்கள்.

8. கைக்குழந்தை தூங்கி எழுந்ததும் தலையைக் கவிழ்த்து, இரண்டு கையையும் விரித்து, முழங்காலை மடக்கி வெட்டென்று ஒரு குலுக்கு. சில விநாடி இடைவெளி. மறுபடி ஒரு குலுக்கு. இப்படி வரிசையாக வந்தால் வயிற்றுவலி, உரம் விழுந்தது, பயந்துவிட்டது என்று நாள் கடத்தாதீர்கள். மூன்று மாதம் முதல் ஒரு வயதுக்குள் அதிகம் வருகிற குழந்தை வலிப்பாக இருக்கலாம். பார்க்கச் சாதுவாக இருக்கும், ஆனால் எல்லாவற்றிலும் அவசரமானது இதுதான். சிகிச்சை தள்ளிப்போகிற ஒவ்வொரு வாரமும் குழந்தையின் வளர்ச்சியைத் தொடும். முன்பு சிரித்த குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கவில்லை என்றால் அன்றைக்கே கிளம்புங்கள். வீடியோ கட்டாயம்.

9. தூக்கத்தில் மட்டும் வருகிறவர்களுக்குச் சாட்சி தலையணைதான். காலையில் தலையணையில் ரத்தக் கறை, நாக்கின் ஓரத்தில் கடி, நனைந்த படுக்கை, அடித்துப்போட்டது போல உடம்பு வலி. இதில் இரண்டு சேர்ந்து இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். உயரக் கட்டிலை விடப் பாயோ தாழ்ந்த கட்டிலோ நல்லது. குப்புறப் படுக்கும் பழக்கத்தை மாற்றப் பாருங்கள். வலிப்பு நோயாளிகளில் ஆண்டுக்குச் சுமார் ஆயிரத்தில் ஒருவர் எதிர்பாராமல் திடீரென இறந்துபோகிறார். பெரும்பாலும் இரவில், முழு உடம்பும் இழுக்கிற வலிப்புக்குப் பிறகு. பயமுறுத்தச் சொல்லவில்லை, ராத்திரி மாத்திரையை விடாமல் இருக்கச் சொல்கிறேன்.

10. தலைக்குக் கொதிக்கக் கொதிக்க ஊற்றும்போது வலிப்பு வருவது நம் தென்னாட்டில் அதிகம் பதிவான ஒரு விசேஷம். கர்நாடகத்தின் தென்பகுதியில் மிகுதி. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர் சதீஷ்சந்திரா குழுவினர் 1988இலேயே 279 பேரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். சொம்பு சொம்பாகச் சுடுதண்ணீரைத் தலையில் ஊற்றுவதுதான் தூண்டுகிறது. வெந்நீரை வெதுவெதுப்பாக ஆக்குங்கள், உடம்புக்கு ஊற்றிவிட்டுத் தலையைத் தனியாக ஈரத்துணியால் துடையுங்கள். தலைக்குளியல் நாளில் மட்டும் முன்கூட்டிப் போட ஒரு மாத்திரையும் டாக்டர்கள் தருவதுண்டு. இலங்கையில் பேராதனை மருத்துவர் நிமல் சேனநாயக்க இன்னொரு விசித்திரத்தைப் பதிவு செய்தார்: தட்டு நிறையச் சோறு சாப்பிடும்போதே வருகிற வலிப்பு. எப்போது வந்தது என்று எழுதும்போது, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

11. டி.வி., போன் வெளிச்சத்தால் வலிப்பு வருவது நோயாளிகளில் 100க்கு மூன்று பேர் அளவில்தான். மற்றவர்களிடமிருந்து ரிமோட்டைப் பிடுங்க வேண்டியதில்லை. தூக்கத்தைக் கெடுக்கிற போனைத்தான் பிடுங்க வேண்டும்.

12. வலிப்பு மாதிரியே இருந்து வலிப்பு நோயாக இல்லாதவையும் உண்டு. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை இறங்கினால் இழுக்கும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் உடனே குத்திப் பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். பி.பி.க்கு நீர் பிரிகிற மாத்திரை சாப்பிடும் வயதானவர்களுக்குக் கோடையில் உப்பு குறைந்து இழுப்பு வரும். வெயிலில் வரிசையில் நின்று வெளுத்து, வியர்த்து, சரிந்து, இரண்டு உதறு உதறி உடனே தெளிந்தால் அது வெறும் மயக்கமாக இருக்கலாம். வலிப்பு வந்து போன பின் ஒரு பக்கக் கை கால் கொஞ்ச நேரம் செயல்படாமல் இருப்பதும் உண்டு. ஆனால் முதல்முறை அப்படி ஆனால் பக்கவாதம் என்றே நினைத்து ஓடுங்கள், பிரித்துப் பார்ப்பது ஆஸ்பத்திரியின் வேலை.

கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஏறி இறங்கி, நீண்ட நேரம் குலுங்குகிற ஒன்றும் இருக்கிறது. மன அழுத்தத்திலிருந்து வருவது. "நடிக்கிறா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் வேண்டுமென்று செய்வதில்லை. அதற்கு வலிப்பு மாத்திரையால் பயனில்லை, மனநல ஆலோசனைதான் சிகிச்சை. ஒரே ஆளுக்கு இரண்டும் சேர்ந்து இருப்பதும் உண்டு. அதனால் இதையும் வீடியோ எடுங்கள்.

13. சளி பிடித்தால் யூகலிப்டஸ் தைலத்தைக் கொதிநீரில் ஊற்றி ஆவி பிடிப்பதும், தலைவலிக்குத் தைலத்தை அப்பிக்கொள்வதும், கைக்குட்டையில் கற்பூரம் முடிவதும் நம் வழக்கம். யூகலிப்டஸ், கற்பூரம் இரண்டுக்குமே வலிப்பைத் தூண்டும் குணம் உண்டு. பெங்களூரு நரம்பியல் மருத்துவர் தாமஸ் மேத்யூவும் குழுவினரும் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து எழுதி வருகிறார்கள். கட்டுப்பாட்டில் இருந்தவருக்குக் காரணமே இல்லாமல் வலிப்பு வந்தால், அதற்கு முன் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தைலம் தடவினாரா என்று யோசியுங்கள். குழந்தை எட்டாத இடத்தில் கற்பூர டப்பாவை வையுங்கள். ஒரு சிறு துண்டை விழுங்கினாலும் வலிப்பு வரலாம். ஆவிக்கு வெறும் வெந்நீர் போதும்.

14. சமையலறையில் முதலில் அப்புறப்படுத்த வேண்டியது அரிவாள்மணை. நிமிர்ந்து நிற்கிற அலகின் மேல் குனிந்து உட்கார்ந்திருக்கும்போது வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை. பலகையும் சிறு கத்தியும் போதும். மீனை மார்க்கெட்டிலேயே ஆய்ந்து வெட்டி வாங்கி வந்துவிடுங்கள். பத்து இருபது ரூபாய்க்குப் பார்க்காதீர்கள். சோற்றைக் கஞ்சி வடிக்கிற வேலையை வீட்டில் வேறொருவர் செய்யட்டும், இல்லாவிட்டால் குக்கரில் வையுங்கள். சுடுபாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடக்காமல், தட்டை அடுப்புப் பக்கம் கொண்டுபோய்ப் பரிமாறுங்கள். இதெல்லாம் வலிப்பு கட்டுக்குள் வரும்வரைதான். நன்றாக இருப்பவரை அடுப்பங்கரையிலிருந்தே துரத்திவிடாதீர்கள், அதுவும் ஒரு வகைக் கொடுமை.

15. குளியலறைத் தாழ்ப்பாளை உள்ளே போடாமல், கதவில் "ஆள் இருக்கு" என்று ஒரு சீட்டு தொங்கவிடுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடக்க மாட்டார்.

16. நம் பகுதியில் வலிப்பை விடத் தண்ணீர் ஆபத்து. வலிப்பு உள்ளவர்கள் தண்ணீரில் மூழ்கி இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பதினைந்து மடங்குக்கும் மேல் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அரசலாறு, வாய்க்கால், கொல்லைக் கிணறு, கோயில் குளம், கடல் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்தான் நமக்கு. திருநள்ளாற்று நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்து முழுக வேண்டுமானால், விஷயம் தெரிந்த ஒருவர் கை எட்டும் தூரத்தில் நிற்கட்டும். படியில் உட்கார்ந்து சொம்பால் ஊற்றிக்கொண்டாலும் தலைமுழுக்குதான். கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு மீனவர் வீடுகளில் கடலுக்குப் போவது பிழைப்புப் பிரச்சினை என்பதும் தெரியும். வலிப்பு அடங்காதவர் படகேறுவது அவருக்கும் மற்ற ஆட்களுக்கும் உயிராபத்து. வலை பின்னுதல், ஏலம், ஐஸ், கணக்கு என்று கரையில் இருக்கிற வேலையை அவருக்குப் பேசி ஒதுக்குங்கள்.

17. தமிழ்நாட்டில் இல்லாத ஒன்று இங்கே உண்டு: சட்டப்படி நடக்கிற சாராயக்கடை. குடிக்கும்போது வருவதைவிட, தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தியபின் 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வருகிற வலிப்பு அதிகம். சாமிக்கு மாலை போட்ட மறுநாள், ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள், வெளியூர்க் கல்யாணத்துக்குப் போன இடத்தில் என்று வரும். பெருங்குடிகாரரை வீட்டில் பூட்டி வைத்து நிறுத்த வைக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் சேர்த்து மருந்தோடு நிறுத்த வையுங்கள். டாக்டரிடம் குடியை மறைத்தால் ஆயுசுக்கும் வலிப்பு மாத்திரை சாப்பிட நேரலாம்.

18. மாத்திரை விஷயத்தில் கறாராக இருங்கள். வலிப்பு நின்றுவிட்டது என்று தானாக நிறுத்தினால், நிற்காத வலிப்பாகத் திரும்பி வரக்கூடும். ஏழு நாள் டப்பா வாங்கி ஞாயிற்றுக்கிழமை அடுக்குங்கள். ஒரு கம்பெனி மாத்திரை கிடைக்காமல் வேறு கம்பெனி கொடுத்தால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மக்கள் மருந்தகத்தில் விலை வெகுவாகக் குறையும். மாற நினைத்தால் டாக்டரிடம் சொல்லி ஒரேயடியாக மாறுங்கள், மாதத்துக்கு ஒன்றாக மாற்றாதீர்கள்.

புதிதாக வந்த கோளாறு மருந்தாலும் இருக்கலாம். ஃபெனிடாயின் அதிகமானால் நடை தள்ளாடும், பார்வை இரண்டாகும். லெவெடிராசிட்டம் தொடங்கிய சிலருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கார்பமாசெபைன், லாமோட்ரிஜின் தொடங்கிய முதல் இரண்டு மாதத்தில் தடிப்போ, வாய்ப்புண்ணோ, கண் சிவப்போ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. காசநோய் மாத்திரை, சில ஆன்டிபயாட்டிக், டிரமடால் கலந்த வலி மாத்திரை ஆகியவையும் குழப்பம் செய்யும். மெடிக்கலில் சீட்டில்லாமல் கேட்டு வாங்கும்போது "வலிப்பு மாத்திரை சாப்பிடுறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

ரமலான் நோன்பு வைப்பவர்கள் ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பாருங்கள். பகல் வேளை மாத்திரையை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றி அமைக்க முடியும். சிலரை வைக்க வேண்டாம் என்பார்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. மாங்கனித் திருவிழா, கந்தூரி நாட்களில் கண்விழித்தால் மறுநாள் பகலில் தூங்க விடுங்கள்.

19. கீரை, கொத்தமல்லி, கேரட் எதையும் ஓடுகிற தண்ணீரில் நன்றாக அலசுங்கள். மனித மலத்தில் இருக்கிற நாடாப்புழு முட்டை வயிற்றுக்குள் போய், அதிலிருந்து வரும் இளம்புழு மூளையில் கட்டியாகத் தங்கி வலிப்பை உண்டாக்கும். வேலூர் சி.எம்.சி. மருத்துவர் ராஜசேகர் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், வேலூர் மாவட்ட வலிப்பு நோயாளிகளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு இதுதான் காரணம். பன்றிக்கறி தொடாத வீட்டுக்கும் வரும், காரணம் கறி அல்ல, கழுவாத கை.

20. கல்யாணப் பேச்சில் மறைப்பதால் என்ன நடக்கிறது என்றால், புகுந்த வீட்டில் பெண் மாத்திரையை ஒளித்து ஒளித்துச் சாப்பிடுகிறாள், அல்லது விட்டுவிடுகிறாள். தூக்கமும் கெடுகிறது. முதல் வாரத்திலேயே வலிப்பு வருகிறது. சொல்லிவிடுங்கள். வலிப்பைத் தடையாகச் சொன்ன வார்த்தையை இந்துத் திருமணச் சட்டத்திலிருந்து 1999இல் நாடாளுமன்றமே நீக்கிவிட்டது.

கர்ப்பமானால் பயந்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். அதற்கு முன்பே, குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் போங்கள். வால்ப்ரோயேட் கருவைப் பாதிக்கக் கூடியது. மாற்ற முடிந்தால் முன்கூட்டியே மாற்றுவார்கள், ஃபோலிக் அமிலமும் தருவார்கள். சில வலிப்பு மாத்திரைகள் கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுக்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கேரளத்தில் 1998 முதல் இப்படிப்பட்ட தாய்மார்களுக்கென்றே பதிவேடு வைத்துக் கவனித்து வருகிறார்கள். பெரும்பாலோர் நல்லபடியாகப் பெற்றிருக்கிறார்கள். தாய்ப்பால் கொடுக்கலாம், தரையில் சாய்ந்து உட்கார்ந்து. குழந்தையைக் குளிப்பாட்டும்போது மட்டும் இன்னொரு கை இருக்கட்டும்.

21. டிரைவிங் லைசென்ஸ் விண்ணப்பத்தின் படிவம் 1இல் வலிப்பு உண்டா என்று நேராகவே கேட்கிறார்கள். பொய் எழுத வேண்டாம்.

22. ஐப்பசி பிறக்கும்போதே இரண்டு வார மாத்திரையைக் கூடுதலாக வாங்கி, ஜிப் கவரில் போட்டு, மருந்துச் சீட்டின் நகலோடு உயரத்தில் வையுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மின்சாரமும் கடைகளும் நாள் கணக்கில் இல்லாமல் போனது நினைவிருக்கும். முகாமுக்குப் போக நேர்ந்தால் அங்கே பொறுப்பில் இருப்பவரிடம் நோயைச் சொல்லிவிடுங்கள்.

23. புதுச்சேரி ஜிப்மருக்கோ தஞ்சாவூருக்கோ அனுப்பி வைத்தால் பஸ்ஸிலேயே பாதி நாள் போய்விடும். டாக்டர் முன்னால் உட்காருவது சில நிமிடம். ஆகவே தயாராகப் போங்கள். ஒரு நோட்டில் தேதி, நேரம், தூக்கத்திலா விழிப்பிலா, முதலில் என்ன ஆனது, எத்தனை நிமிடம், பிறகு எப்படி இருந்தார், முந்தின நாள் தூக்கம், விட்டுப்போன மாத்திரை, பெண்கள் என்றால் மாதவிலக்குத் தேதி. பழைய எம்.ஆர்.ஐ. ஃபிலிம், சாப்பிட்டு முடித்த மாத்திரை அட்டைகள், வீடியோ. எல்லாவற்றையும்விட முக்கியம், வலிப்பைக் கண்ணால் பார்த்தவர் கூட வர வேண்டும். வழக்கமாகப் பார்த்தவர் பாட்டி, போகிறவர் சித்தப்பா. அவர் அங்கே போய், "இழுப்பு வந்துச்சுன்னு சொன்னாங்க டாக்டர்" என்பார். பாட்டியால் பஸ் ஏற முடியாவிட்டால், முந்தின நாள் அவரை உட்கார வைத்துப் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லச் சொல்லி போனில் பதிவு செய்து எடுத்துப் போங்கள்.